பெட்ரோல் பம்பின் மின்பழுதறிதல்: கார்புரேட்டர் காலம் முதல் எம்.பி.எஃப்.ஐ. காலம் வரை

காரின் டேங்கிலிருந்து எஞ்சினுக்கு எரிபொருளைக் கொண்டுசேர்க்கும் கருவி பெட்ரோல் பம்பு. தமிழ்நாட்டில் எரிபொருள் விற்கும் இடம் 'பங்க்' எனப்படுவதால், மெக்கானிக்குகளின் பேச்சில் 'பம்பு' என்பது வண்டிக்குள் இருக்கும் இக்கருவியையே குறிக்கும். தொடக்கத்தில் கார்களில் பம்பே இல்லை. பின்னர் எஞ்சினின் சுழற்சியால் இயங்கும் பம்பும், மின்சாரத்தால் இயங்கும் பம்பும் வந்தன. இந்தியாவில் 2000ஆம் ஆண்டையொட்டி மின்பம்பு டேங்குக்கு உள்ளேயே வைக்கப்பட்டது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழுதைக் கண்டறியும் முறையும் மாறியது.

அறிகுறி மட்டும் பெரிதாக மாறவில்லை. ஏற்றத்தில் கார் மூச்சடைத்து நிற்கும். சற்று நேரம் ஆறவிட்டால் மீண்டும் ஓடும். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறும் சாலை போன்ற மலைப்பாதைகளில் மூன்று தலைமுறைக் கார்களிலும் காணக்கூடிய பழுது இது. காரணம் ஒவ்வொரு தலைமுறையிலும் வேறாக இருந்தது. பழைய காரணத்தை மனத்தில் வைத்துப் புதிய காரைப் பழுதுபார்த்தபோது நல்ல பம்புகள் கழற்றி எறியப்பட்டன. பழுது வண்டியிலேயே தங்கிவிட்டது.

பம்பு இல்லாத காலம்

முதல் கார்கள் பலவற்றில் பெட்ரோல் புவியீர்ப்பால் இறங்கியது. டேங்க் உயரத்திலும் கார்புரேட்டர் தாழ்விலும் இருந்தன. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் தயாரிக்கப்பட்ட ஃபோர்டு மாடல் டி காரின் பெரும்பாலான வகைகளில் டேங்க் முன்இருக்கைக்கு அடியில் இருந்தது. செங்குத்தான ஏற்றத்தில் காரின் முன்பக்கம் உயர்ந்ததும் கார்புரேட்டரும் உயர்ந்துவிடும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் அது எஞ்சினுக்கு வந்து சேராது. எனவே ஓட்டுநர்கள் வண்டியைத் திருப்பி, ரிவர்ஸ் கியரில் மலையேற்றினர்.

டேங்கைப் பின்பக்கம் தாழ்வாக வைக்க வேண்டுமானால் பெட்ரோலை மேலே இழுக்க ஏதேனும் ஒரு வழி தேவைப்பட்டது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசையைக் கொண்டு பெட்ரோலை ஒரு சிறு தொட்டிக்கு ஏற்றும் வெற்றிடத் தொட்டி சில காலம் பயன்பட்டது. முழு வேகத்தில் மலையேறும்போது அந்த உறிஞ்சுவிசை குறையும் என்பதால் இதுவும் ஏற்றத்தில் தோற்றது. 1920களின் இறுதியில் டயாபிரம் பம்பு பரவலானதும் இம்முறை மறைந்தது.

டயாபிரம் பம்பு

எஞ்சினின் கேம்ஷாஃப்ட் ஒரு நெம்புகோலைத் தள்ள, நெம்புகோல் ரப்பர் பூசிய துணியாலான டயாபிரத்தை இழுக்கும். டயாபிரம் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். ஸ்பிரிங் அதைக் கார்புரேட்டருக்குத் தள்ளும். சதுர அங்குலத்துக்கு 3 முதல் 5 பவுண்டு அழுத்தமே போதுமானது. பம்பின் வேலையில் மின்சாரத்துக்கு இடமில்லை.

இந்தியச் சாலைகளில் நீண்டகாலம் ஓடிய கார்களில் இவ்வகைப் பம்பே மிகுதி. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பம்பாயில் தயாரான ஃபியட் 1100, அதன் வழிவந்த பிரீமியர் பத்மினி, 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800இன் கார்புரேட்டர் வகை ஆகிய அனைத்திலும் பம்பு எஞ்சினோடு பொருத்தப்பட்டிருந்தது.

இக்காலத்துப் பழுதறிதல் கண்ணையும் கையையும் நம்பியது. கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயைக் கழற்றிவிட்டுச் செல்ஃப் அடித்தால் பெட்ரோல் விட்டுவிட்டுப் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால் பம்பு நல்லது; பழுது கார்புரேட்டரிலோ பிளக்கிலோ இருக்கிறது. பீய்ச்சாவிட்டால் டயாபிரம் கிழிந்திருக்கலாம், வால்வு ஒட்டியிருக்கலாம், டேங்கிலிருந்து வரும் குழாயில் அடைப்போ காற்றுக்கசிவோ இருக்கலாம். அடைப்பை அறியக் குழாயை வாயால் உறிஞ்சிப் பார்த்தவர்கள் பலர். அன்றைய பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்ததால் இப்பழக்கம் உடல்நலத்துக்குக் கேடானது. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியா முழுவதும் 2000 பிப்ரவரியில்தான் நிறுத்தப்பட்டது.

இப்பம்பு வழியில் செயலிழந்தால் ஊர் சேர ஒரு கைமுறையும் இருந்தது. ஒரு கேனில் பெட்ரோல் நிரப்பி, உயரமான இடத்தில் கட்டி, ரப்பர் குழாய் வழியாக நேரே கார்புரேட்டருக்கு விடுவார்கள். தீ அபாயம் மிகுந்த முறை இது. ஆயினும் மாடல் டி காலத்துப் புவியீர்ப்பு முறையே மீண்டும் கைகொடுத்து வண்டியை மலையிறக்கியது.

ஏற்றத்தில் நிற்கும் பழுதுக்கு இத்தலைமுறையில் முதன்மைக் காரணம் ஆவித்தடை. பம்பு சூடான எஞ்சினை ஒட்டியே இருந்தது. கோடை வெயிலில் முதல், இரண்டாம் கியரில் நீண்டநேரம் ஏறும்போது பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் கொதித்து ஆவியாகும். டயாபிரம் ஆவியை அமுக்குமே தவிர, பெட்ரோலைத் தள்ளாது. பம்பின்மேல் ஈரத்துணி போட்டுப் பதினைந்து இருபது நிமிடம் காத்திருந்தால் ஆவி குளிர்ந்து திரவமாகும், வண்டி கிளம்பும். 'சூட்டில் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்றால் ஆவி' என்ற பாடம் இப்படித்தான் பட்டறைகளில் நிலைபெற்றது.

ஒலியால் பேசிய மின்பம்பு

மின்சாரத்தால் இயங்கும் பெட்ரோல் பம்பு கம்ப்யூட்டர் காலத்துக் கண்டுபிடிப்பு அன்று. இங்கிலாந்தின் எஸ்.யு. நிறுவனம் உருவாக்கிய மின்பம்பு 1930களிலேயே பிரிட்டிஷ் கார்களில் பரவியிருந்தது. 1948இல் வெளிவந்த மோரிஸ் மைனரில் அது இடம்பெற்றது. மோரிஸ் மைனரை அடிப்படையாகக் கொண்டே இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களில் பேபி இந்துஸ்தான் காரைத் தயாரித்தது.

இப்பம்பில் ஒரு கம்பிச்சுருள் டயாபிரத்தை இழுக்கும். இழுவை முடியும் இடத்தில் இரு தொடுமுனைகள் பிரிந்து மின்சாரம் துண்டிக்கப்படும். உடனே ஸ்பிரிங் டயாபிரத்தைத் தள்ள, பெட்ரோல் வெளியேறும். தொடுமுனைகள் மீண்டும் சேரும். ஒவ்வொரு சுற்றுக்கும் 'டிக்' என்ற ஒலி எழும். சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று வேகமாக அடித்து, கார்புரேட்டர் நிரம்பியதும் பம்பு ஓய்ந்துவிடும்.

எனவே பம்பின் நிலையைக் காதாலேயே அறிய முடிந்தது. இடைவிடாமல் வேகமாக அடித்தால் டேங்க் காலி அல்லது குழாயில் காற்று புகுகிறது. கார்புரேட்டர் நிரம்பிய பிறகும் மெதுவாக அடித்துக்கொண்டே இருந்தால் அதன் ஊசிவால்வு மூடவில்லை. ஒலியே இல்லையென்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது தொடுமுனைகள் கருகிவிட்டன. தொடுமுனைகள் பிரியும்போது எழும் பொறி அவற்றை நாளடைவில் அரிக்கும். ஸ்பேனரால் பம்பின் தலையில் இலேசாகத் தட்டினால் முனைகள் அசைந்து ஒட்டி, பம்பு சிலகாலம் ஓடும். முனைகளை நுண்ணிய உப்புத்தாளால் தேய்ப்பது அடுத்த நிலைப் பழுதுபார்ப்பு.

பெட்ரோல் வராததற்குக் கரண்டும் காரணமாகலாம் என்பதைக் காட்டிய முதல் பம்பு இது. ஆனால் இந்தியாவில் டயாபிரம் பம்பு மேலோங்கியதால் இந்தப் பாடம் பரவலாகவில்லை. பெட்ரோல் வேறு, கரண்ட் வேறு என்ற பாகுபாடு பட்டறைகளில் நீடித்தது. பல ஊர்களில் எஞ்சின் வேலைக்கு மெக்கானிக், ஒயரிங் வேலைக்கு ஆட்டோ எலக்ட்ரீஷியன் என ஆட்களும் தனித்தனியாகவே இருந்தனர்.

பம்பு டேங்குக்குள் சென்றது

இந்த எல்லையை அழித்தது மாசுக்கட்டுப்பாடு. புகையைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி சரியாக வேலைசெய்ய, பெட்ரோலும் காற்றும் துல்லியமான விகிதத்தில் கலக்க வேண்டும். கார்புரேட்டரால் அந்தத் துல்லியத்தைத் தொடர்ந்து தர இயலாது. மின்னணுக் கட்டுப்பாட்டால் பெட்ரோலைப் பீய்ச்சும் முறையை ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1967இலேயே ஃபோக்ஸ்வாகன் கார்களில் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. இந்தியாவின் பெருவாரியான கார்களை அம்முறை அடைய மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின.

1998இல் திருப்பெரும்புதூர் அருகிலுள்ள ஆலையில் தயாராகி வெளிவந்த ஹூண்டாய் சான்ட்ரோ, சிறிய கார் சந்தைக்கு எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினைக் கொண்டுவந்தது. 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தில்லி வட்டாரத்தில் விற்கப்படும் புதிய கார்களுக்கு யூரோ மாசு வரையறைகளை விரைவுபடுத்தி ஆணையிட்டது. 2000 ஏப்ரலில் முதற்கட்ட வரையறை நாடு முழுவதற்கும் வந்தது. 2005 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் இரண்டு நாடு முழுவதும் விரிந்தது. மாருதி 800, ஆம்னி வேன், அம்பாசிடர் ஆகியவையும் எம்.பி.எஃப்.ஐ. வடிவம் பெற்றன. கார்புரேட்டர் வகைகள் சிற்றூர்களில் மேலும் சில ஆண்டுகள் விற்பனையாயின.

எம்.பி.எஃப்.ஐ. முறைக்குச் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 40 பவுண்டு அழுத்தம் தேவை. இது டயாபிரம் பம்பு தந்ததைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு. இதற்கென ஒரு சிறிய மின்மோட்டார் பம்பு டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியபடி வைக்கப்பட்டது. உறிஞ்சுவதைவிடத் தள்ளுவது எளிது. மூழ்கியிருப்பதால் பம்பு குளிர்ச்சியாகவும் இருக்கும். அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. இதனால் மலையேற்றத்தின் பழைய பகையான ஆவித்தடை பெருமளவு ஒழிந்தது.

அதே வேளையில் இரு வசதிகள் பறிபோயின. பம்பு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இல்லை. வழியில் நின்றால் கேன் கட்டி ஓட்டவும் இயலாது. உயரத்தில் வைத்த கேனிலிருந்து 40 பவுண்டு அழுத்தம் கிடைக்காது. மலைப்பாதையில் நின்றுவிட்ட எம்.பி.எஃப்.ஐ. காருக்குப் பழுதை அங்கேயே கண்டறிவது அல்லது கட்டியிழுத்துச் செல்வது என்ற இரண்டே வழிகள் மிஞ்சின.

பம்புக்குக் கரண்ட் செல்லும் பாதை

பழுதறிதலில் ஏற்பட்ட மாற்றத்தைப் புரிந்துகொள்ள இப்பாதையை அறிவது அவசியம். பேட்டரியிலிருந்து பியூஸ், பியூஸிலிருந்து ரிலே, ரிலேயிலிருந்து நீண்ட ஒயர் வழியாகப் பின்பக்கக் கப்ளர், அங்கிருந்து பம்பு, பம்பிலிருந்து எர்த் ஒயர் வழியாக வண்டியின் உடல் எனக் கரண்ட் ஒரு சுற்றாக ஓடுகிறது. பேட்டரியின் எதிர்முனை வண்டியின் உடலோடு இணைந்திருப்பதால் எர்த்தும் இந்தச் சுற்றில் ஒரு பாதி.

ரிலேயை இயக்குவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். சாவியைத் திருப்பியதும் பெரும்பாலான கார்களில் அது பம்பை இரண்டு மூன்று வினாடிகள் மட்டும் ஓட்டும். பின்னர் எஞ்சின் சுழல்வதாக சென்சார் தெரிவித்தால்தான் பம்பைத் தொடர்ந்து ஓடவிடும். விபத்தில் எஞ்சின் நின்றும் பம்பு பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. ஃபோர்டு உள்ளிட்ட சில நிறுவனங்களின் கார்களில் மோதலின் அதிர்ச்சியால் பம்பைத் துண்டிக்கும் சுவிட்சும் இருந்தது. பெரும் பள்ளத்தில் விழுந்தாலும் சில வேளைகளில் அது துண்டித்துவிடும். அதன் பொத்தானை அழுத்தினால் மீண்டும் இணையும்.

ஆகவே 'பம்பு ஓடவில்லை' என்பதும் 'பம்பு பழுது' என்பதும் ஒன்றல்ல. பியூஸ், ரிலே, கப்ளர், எர்த், எஞ்சின் சென்சார், பிற்பாடு பொருத்திய திருட்டு அலாரம் ஆகியவற்றில் எது தவறினாலும் நல்ல பம்பு அசையாமல் கிடக்கும்.

டெஸ்ட் லாம்பும் மல்டிமீட்டரும்

மின்பழுதறியும் கருவிகளில் எளியது டெஸ்ட் லாம்ப். பழைய இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயர்களைப் பற்றவைத்துப் பட்டறைகளிலேயே செய்துகொள்வர். வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்கும் மீட்டரை உருவாக்கியவர் பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளர் டொனால்டு மெக்காடி. அது 1923இல் 'அவோமீட்டர்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதன் வழிவந்த டிஜிட்டல் மல்டிமீட்டர்கள் விலை குறைந்ததும் சிற்றூர்ப் பட்டறைகளையும் எட்டின.

டிஜிட்டல் மீட்டர் துல்லியமானது. ஆனால் பம்பின் சுற்றில் அது ஏமாற்றவும் கூடும். மீட்டர் தனக்கென எடுக்கும் கரண்ட் மிகமிகக் குறைவு. பத்து இழைகள் கொண்ட ஒயரில் ஒன்பது அறுந்து ஓர் இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும், கப்ளரைக் கழற்றி வைத்து அளந்தால் மீட்டர் 12 வோல்ட் காட்டும். கப்ளரை மாட்டிப் பம்பு கரண்ட் இழுக்கத் தொடங்கியதும் அந்த ஓரிழையிலேயே வோல்ட் கரைந்துவிடும். 'கரண்ட் வருகிறது, பம்பு ஓடவில்லை; ஆகவே பம்பு பழுது' என்ற தவறான முடிவு பெரும்பாலும் இங்கிருந்தே பிறந்தது.

இண்டிகேட்டர் பல்பு 21 வாட் திறனுடையது. 12 வோல்ட்டில் ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். அரைகுறை இணைப்பில் அது மங்கலாக எரிந்து உண்மையைக் காட்டிவிடும். அதே காரணத்தால், கம்ப்யூட்டரின் நுண்ணிய ஒயர்களில் அதை வைத்தால் கம்ப்யூட்டருக்குச் சேதம் நேரலாம். பம்பின் தடித்த ஒயருக்கு லாம்ப், கம்ப்யூட்டர் ஒயருக்கு மீட்டர் என்ற பகுப்பு இதனால் வழக்கமாயிற்று.

இரண்டையும் விட நம்பகமானது, பம்பு ஓடும்போதே வோல்ட் இழப்பை அளப்பது. ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827இல் வெளியிட்ட விதியே இதற்கு அடிப்படை. பம்பு 5 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும் சுற்றில், துருப்பிடித்த ஒரு எர்த் இணைப்பு வெறும் அரை ஓம் தடை தந்தாலும் 2 வோல்ட் அளவுக்கு அங்கேயே போய்விடும். சமதளத்தில் மெதுவாகச் செல்லும்போது மீதி வோல்ட்டில் ஓடும் பம்பு போதுமான பெட்ரோல் தரும். ஏற்றத்தில் எஞ்சின் கூடுதலாகக் கேட்கும்போது தராது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நேர்முனையிலும் மறுமுனையைப் பம்பின் நேர் ஒயரிலும் வைத்தால் வரும் பாதையின் இழப்பு தெரியும். பம்பின் எர்த் ஒயரிலும் பேட்டரியின் எதிர்முனையிலும் வைத்தால் திரும்பும் பாதையின் இழப்பு தெரியும். நல்ல சுற்றில் ஒவ்வொரு பக்கமும் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

பட்டறைகளில் உருவான வரிசை

காலப்போக்கில், செலவில்லாத சோதனையை முதலிலும் டேங்கை இறக்கும் வேலையைக் கடைசியிலும் வைக்கும் ஒரு வரிசை உருவானது.

முதலில் காது. பின்சீட்டருகே ஒருவர் உட்கார, மற்றவர் சாவியைத் திருப்புவார். இரண்டு வினாடி முனகல் கேட்டால் பியூஸும் ரிலேயும் பம்பும் அந்த நேரத்தில் வேலைசெய்கின்றன. செல்ஃப் அடிக்கும்போது மட்டும் ஓடாவிட்டால் கவனம் எஞ்சின் சென்சாருக்குப் போகும்.

ஒலி இல்லையென்றால் பியூஸ். கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் பியூஸிலும் நுண்ணிய விரிசல் இருக்கலாம் என்பதால், அதன் இரு பக்கமும் லாம்ப் வைத்துப் பார்ப்பர். பியூஸ் போயிருந்தால் அதை மாற்றுவதோடு நில்லாமல், போனதற்கான காரணத்தைத் தேட வேண்டும். ஒயர் எங்கோ உரசியிருக்கும், அல்லது பம்பு இறுகி அதிகக் கரண்ட் இழுத்திருக்கும்.

அடுத்து ரிலே. ஹார்னுக்கோ ஃபேனுக்கோ அதே வகை ரிலே இருந்தால் அதைக் கழற்றி இங்கே மாட்டிப் பார்ப்பது செலவற்ற சோதனை. அதன்பின் பம்பின் கப்ளர். பல கார்களில் அது பின்சீட்டுக்கு அடியில் இருக்கும். அதன் முனைகளில் பச்சைக் களிம்போ கருகிய தடமோ தெரிந்தால் பழுது பாதி பிடிபட்டதுபோல. கடைசியில் வோல்ட் இழப்பும் பம்பு இழுக்கும் கரண்டும். சரியான வோல்ட்டும் நல்ல எர்த்தும் இருந்து பம்பு சுழலாவிட்டால்தான் பம்பு பழுது என்று தீர்ப்பது.

தேய்ந்த மோட்டார் பிரஷ் உள்ள பம்பு, டேங்கின் அடியில் கையால் தட்டினால் சிலவேளை ஓடத் தொடங்கும். எஸ்.யு. பம்பை ஸ்பேனரால் தட்டிய பழைய உத்தியின் மறுபிறப்பு இது. அவ்வாறு ஓடிய பம்பு மீண்டும் நிற்கும் என்பதால், மலையேறுவதற்கு முன் அதை மாற்றிவிடுவது நல்லது.

சூட்டில் நிற்கும் பழுது: பழைய விடை, புதிய காரணம்

எம்.பி.எஃப்.ஐ. கார் சூடேறி நின்று, ஆறியபின் ஓடியபோது பழைய பாடப்படி ஆவித்தடை என்று கருதியவர்கள் உண்டு. உண்மைக் காரணம் பெரும்பாலும் மின்சாரத்தில் இருந்தது. உலக அளவில் அறியப்பட்ட எடுத்துக்காட்டு 1980களின் இறுதியிலும் 1990களிலும் வந்த ஹோண்டா கார்களின் மெயின் ரிலே. அதன் உள்ளே ஈயப்பற்றுகளில் மயிரிழை விரிசல் விழும். வெயிலில் நின்று சூடான காரில் விரிசல் விரிந்து பம்புக்குக் கரண்ட் நிற்கும். கண்ணாடிகளை இறக்கி ஆறவிட்டால் விரிசல் சேர்ந்து கார் கிளம்பும். புதிய ரிலே வாங்காமல், அந்தப் பற்றுகளை மீண்டும் சூடாக்கிப் பற்றவைத்துச் சரிசெய்தவர்கள் உலகெங்கும் உண்டு.

தேய்ந்த பம்பின் மோட்டாரும் இதே அறிகுறியைக் காட்டும். சூடேறச் சூடேற அது இறுகி, கூடுதல் கரண்ட் இழுத்து நின்றுவிடும். ஆறிய நிலையில் பட்டறைக்கு வரும் காரில் எல்லாச் சோதனையும் சரியாகவே இருக்கும். விட்டுவிட்டு வரும் பழுது பழுதாக இருக்கும் நேரத்திலேயே சோதிக்கப்பட வேண்டும். நின்ற இடத்தில் ஓட்டுநர் சாவியைத் திருப்பிப் பம்பின் முனகல் கேட்டதா இல்லையா என்று கவனித்திருந்தால், மெக்கானிக்கின் தேடல் பாதியாகக் குறையும்.

கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருந்த கள்ளக்குறிச்சி, 1993இல் விழுப்புரம் மாவட்டத்தின் பகுதியானது. 2019 நவம்பர் 26இல் தனி மாவட்டமானது. சேலம் - உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலை நகரை ஒட்டிச் செல்கிறது. நகருக்கு மேற்கே கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் கடந்தால் கல்வராயன் மலைச்சாலை தொடங்குகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான இம்மலை, ஜாகிர்தார்களின் ஆளுகையிலிருந்து 1976இல்தான் முழுமையாக அரசின் நிர்வாகத்துக்கு வந்தது. வெள்ளிமலை, கரியாலூர் போன்ற ஊர்களுக்கு இன்று சுற்றுலாக் கார்கள் செல்கின்றன.

நெடுஞ்சாலையும் மலைச்சாலையும் ஒரே காரை இருவேறு விதமாகச் சோதிக்கின்றன. நெடுஞ்சாலையின் சீரான வேகத்தில் தளர்ந்த எர்த்தும் தேய்ந்த பம்பும் சமாளித்துவிடும். மலைச்சாலையின் கொண்டைஊசி வளைவுகளில் கார் சாய்ந்து திரும்பும்போது டேங்கில் குறைவாக உள்ள பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும். பம்பின் வாய் காற்றை உறிஞ்சும். குளிர்விக்கப் பெட்ரோல் இல்லாமல் பம்பு சூடேறும். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டும் பழக்கம் பம்பின் ஆயுளைக் குறைக்கும். கேஸில் ஓடும் ஆம்னி வேன்களில் இது இன்னும் கூடுதல். பெட்ரோல் டேங்க் பெரும்பாலும் காலியாகவே கிடக்க, பம்பு வறண்டு ஓடித் தேயும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சேறும் ஈரமும் வண்டியின் அடிப்பகுதிக் கப்ளர்களிலும் எர்த் போல்ட்டுகளிலும் புகும். மழையில் நனைந்த கார் அடுத்த கோடையில் மலையேற்றத்தில் நிற்கும்போது, பழுதின் தொடக்கம் சில மாதங்களுக்கு முந்தைய மழையில் இருந்திருக்கக்கூடும். இரவில் மலைவளைவில் கார் நிற்பதென்பது வண்டிச்செலவு மட்டுமே சார்ந்ததன்று. மலையூர்களிலிருந்து நோயாளியை இறக்கிக்கொண்டு வரும் வண்டியில் அது உயிரைச் சார்ந்த செய்தி.

டைரக்ட் கொடுத்தலின் ஆபத்து

பழுது பிடிபடாதபோது ரிலேயைத் தவிர்த்துப் பம்புக்கு நேரடியாகக் கரண்ட் தருவதை 'டைரக்ட் கொடுத்தல்' என்பர். சோதனைக்காக, பியூஸோடு கூடிய ஒயரில், சில வினாடிகள் கொடுப்பது பயனுள்ள முறை. பம்பு ஓடினால் பழுது முன்பாதையில் இருப்பது உறுதி. ஆனால் அதையே நிரந்தரமாக விட்டுவிட்ட கார்களில் கம்ப்யூட்டரின் பாதுகாப்பு போய்விடுகிறது. கார் கவிழ்ந்து குழாய் உடைந்தாலும் பம்பு 40 பவுண்டு அழுத்தத்தில் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். பியூஸ் இல்லாத ஒயர் உரசினால் அதுவே தீக்குக் காரணமாகும். கசியும் பெட்ரோலருகே கப்ளரைக் கழற்றி மாட்டும்போது எழும் சிறு பொறியும் ஆபத்தானது. கசிவை நிறுத்தி, காற்றோட்டமான இடத்தில் சோதிப்பதே முறை.

பிற்காலம்

2010க்குப் பின் இந்தியக் கார்களில் கம்ப்யூட்டர் தன் பழுதைத் தானே பதிவுசெய்யும் வசதி படிப்படியாகக் கட்டாயமானது. ஸ்கேனர் கருவியால் பழுதுக் குறியீட்டைப் படிக்க முடிந்தது. ஆயினும் பல கார்களில் கம்ப்யூட்டர் ரிலேக்குக் கட்டளை கொடுத்ததை மட்டுமே அறியும். துருப்பிடித்த எர்த்தில் கரைந்த 2 வோல்ட்டை அறியாது. ஸ்கேனர் வந்த பிறகும் டெஸ்ட் லாம்ப் பட்டறைகளில் தேவைப்படுவதற்கு இதுவே காரணம்.

மாருதி 800, அம்பாசிடர் இரண்டின் தயாரிப்பும் 2014இல் நின்றது. அவற்றில் ஓடும் நிலையில் உள்ள எம்.பி.எஃப்.ஐ. கார்களின் ஒயர்களுக்கும் கப்ளர்களுக்கும் வயது கூடிக்கொண்டே போகிறது. புதிய பம்பு கடையில் கிடைக்கிறது. புதிய ஒயரிங் கிடைப்பது அரிது. எனவே இக்கார்களில் பம்பை மாற்றுவதற்கு முன் பாதையைச் சோதிப்பது முன்னைவிட இன்றியமையாததாகிறது. மின்சாரக் கார்களில் பெட்ரோல் பம்பு இல்லை. ஆனால் கப்ளரும் ரிலேயும் எர்த்தும் அவற்றிலும் உள்ளன. சுற்றின் ஒவ்வொரு கண்ணியிலும் வோல்ட் எங்கே தொலைகிறது என்று தேடும் முறை அவற்றுக்கும் பொருந்தும்.